அப்பாவின் 120ஒய்: ஐந்து சென்டிமீட்டர் பின்னால்

டாட்சன் 120ஒய் காரில் ஆறடி ஆள் உட்கார்ந்தால் முதலில் இடிப்பது தலை இல்லை, வலது முழங்கால். ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை மாற்றும்போதெல்லாம் ஸ்டீயரிங்கின் அடியில் முட்டும். என்னுடையது அப்பா ஓட்டிய நான்கு கதவு வண்டி. அவர் ஐந்தடி நான்கு அங்குலம். அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. எனக்குச் சீட்டைக் கடைசி வரை தள்ளியும் இடம் பற்றவில்லை. 1970களில் வந்த இந்த வண்டிக்கு முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை 2,340 மி.மீ.தான். ஸ்டீயரிங்கை ஏற்றவோ இறக்கவோ முடியாது. நகர்த்த முடிந்தது சீட்டு ஒன்றுதான்.

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் இரும்பு வேலைக்குப் பஞ்சமில்லை. நான் போன பட்டறையில், தரையை வெட்டித் தண்டவாளத்தைப் பின்னால் வைத்து வெல்டிங் அடித்துவிடலாம் என்றார் முதலாளி தவுக்கே. வேண்டாம் என்றேன். இத்தனை வயதான தரைத்தகட்டில் வெல்டிங் சூடு பட்ட இடம்தான் அடுத்து துரு பிடிக்கும். அதோடு வண்டியின் கட்டமைப்பில் கை வைத்தால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி என்று வேறு விவகாரம் வரும். பழைய துளைகளிலேயே பூட்டி, நினைத்தால் கழற்றிவிடக்கூடிய தகடுதான் எனக்கு வேண்டும் என்று சொன்னேன்.

வேலை எளிது. தரைத் துளைக்கும் சீட்டுத் தண்டவாளத்துக்கும் நடுவில் ஓர் இரும்புப் பட்டை. அதில் ஒரு துளை தரைக்கு, 50 மி.மீ. பின்னால் இன்னொன்று தண்டவாளத்துக்கு. ஆனால் முதல் முறை தப்பாகிவிட்டது. 6 மி.மீ. பட்டையில் 8 மி.மீ. போல்ட்டுக்கு மரை வெட்டினோம், பிடிப்பு போதவில்லை. போல்ட் எத்தனை மில்லிமீட்டரோ, குறைந்தது அத்தனை மில்லிமீட்டர் ஆழத்துக்காவது மரை இருக்க வேண்டும். மறுபடி 10 மி.மீ. பட்டையில் செய்தோம். தரைக்குப் போகும் போல்ட்டின் தலை பட்டைக்குள் பதிந்து உட்கார வேண்டும். துருத்திக்கொண்டு நின்றால் தண்டவாளம் அதன் மேல் ஏறிச் சீட்டு ஆடும். போல்ட் எல்லாமே 8.8 தரம். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பின்னாலிருந்து யாராவது மோதினால் சீட்டின் எடையும் உங்கள் எடையும் அந்தப் போல்ட்களில்தான் தொங்கும். சீட்டைப் பின்னால் தள்ளத் தள்ள, பட்டை கடப்பாரை மாதிரி நெம்பும்.

பட்டையின் தடிமனால் சீட்டு 10 மி.மீ. உயர்ந்து தலை கூரையை நெருங்கியது. அமுங்கிப்போன பழைய பஞ்சை எடுத்துவிட்டு, அதைவிட மெல்லிய கெட்டிப் பஞ்சு வைத்துச் சரிக்கட்டினேன்.

பேராசையில் 75 மி.மீ.யும் போட்டுப் பார்த்தேன். கிளட்சை முழுதாக மிதித்தால் இடது கால் நீட்டிக்கொண்டது, வளைவில் தோள் சீட்டை விட்டு எழுந்தது. அதைவிட மோசம் சீட் பெல்ட். அது நடுத்தூணில் பூட்டியிருக்கிறது, சீட்டோடு நகராது. 50 மி.மீ.யில் தூணின் போல்ட் என் தோளுக்குச் சற்றுப் பின்னால் நின்றது. 75இல் தோளுக்கு முன்னால் வந்துவிட, பெல்ட் தோளில் படியாமல் அந்தரத்தில் நின்றது. அன்றே கழற்றிவிட்டேன். மலேசியாவில் முன் சீட்டு பெல்ட் 1979 முதல் கட்டாயம். மாட்டியிருந்தும் தோளைப் பிடிக்காத பெல்ட்டால் யாருக்கு என்ன பயன்?

ஜூரு வழியாக 13.5 கி.மீ. பினாங்குப் பாலத்தைக் கடந்து லிட்டில் இந்தியா வரை ஓட்டினேன். பாலத்தில் ஊர்ந்து போகும் நெரிசல்; நிமிடத்துக்கு நாலு முறை கிளட்ச். முழங்காலுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே ஒரு கைமுட்டி இடைவெளி. இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் இறங்கினேன், இந்தக் காரில் முதல் தடவையாக.

குறையும் உண்டு. ஓட்டுநருக்குப் பின்னால் பெரியவர் உட்கார முடியாது. அம்மா இடப்பக்கம் உட்காருவதால் இடது முன் சீட்டைத் தொடவில்லை.

பட்டை, போல்ட், கூலி, பஞ்சு எல்லாம் சேர்த்து எனக்கு 160 ரிங்கிட். ஆறடிக்காரர்களுக்கு 50 மி.மீ.யைத் தயங்காமல் சொல்வேன். உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக் கையை நீட்டுங்கள். மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படியவில்லை என்றால் பட்டையைக் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். பெல்ட்டைப் பார்க்காமல் மட்டும் பட்டறையை விட்டு வண்டியை எடுக்காதீர்கள்.