பாமரர் என்போர் யார்?

வண்டிக்காரர் ஒருவரைக் கதைக்குள் அழைத்துவரும் எழுத்தாளர், அவரைச் 'சாதாரண மனிதன்' என்று கூறி வேலையை முடித்துக்கொள்கிறார். சீமானின் மகள் வந்தாலோ, கொண்டைப்பூ முதல் கால்மெட்டி வரை வருணனை வழிந்தோடுகிறது! வண்டிக்காரருக்கு முகம் இல்லை. கயிறு பிடித்துக் காய்த்துப்போன கையும் இல்லை. அத்தனையையும் அந்த ஒரு சொல் விழுங்கிவிட்டது. பார்க்க வேண்டியதைப் பாராமல் தப்புவதற்கு உதவும் சொல்லை வருணனை என்று எங்ஙனம் ஒப்புவது?

குற்றம் முழுவதும் சொல்லின்மீதன்று. பலர்க்கும் பொதுவானது என்பதே வடமொழியில் சாதாரணம் என்பதன் பொருள். (அறுபது ஆண்டு வட்டத்தில் 44-ஆவது ஆண்டுக்கே 'சாதாரண' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்; 1970 ஏப்ரலில் அது பிறந்தது. ஏனைய 59 ஆண்டுகளும் எவ்வகையில் அசாதாரணமோ, பஞ்சாங்கக்காரரைத்தான் கேட்க வேண்டும்!)

'பாமரர்' என்பதன் நிலை வேறு. இழிந்தவன், மூடன் என்று பொருள்படும் வடசொல் அது. அதைத்தான் நாம் அன்பொழுக வழங்கி வருகிறோம். பாமர மக்களுக்காகவே பேசுகிறேன் என்று மேடையில் முழங்கும் தோழர், மக்களை வைதுவிட்டு அவர்களுக்காகவே வழக்காடுகிறார். மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தே அதற்கேற்ற விதை இன்னதெனக் கூறும் உழவரை, பயிருக்கும் களைக்கும் வேற்றுமை அறியாத நாம் மூடர் என்பதா?

'மட்டம்' இன்னும் வேடிக்கையானது. கொத்தனாருக்கு மட்டம் என்பது நேர்மை. மேடுபள்ளம் இன்றித் தளம் அமைந்தால் மட்டம் சரியாக இருக்கிறது என்று மகிழ்வார். அதே சொல் கடைத்தெருவுக்கு வந்ததும், மட்டமான துணி, மட்டமான அரிசி! மனிதர்மேல் ஏறினால் வசையே ஆகிவிடுகிறது. ஏற்றத்தாழ்வில் ஊறிய சமுதாயத்தின் நாவில், சமமாய் இருப்பதைச் சுட்டிய சொல் தாழ்வைச் சுட்டுவதில் வியப்பென்ன?

'பொது' என்பதும் தப்பவில்லை. புறநானூற்றின் 8-ஆம் பாட்டில் கபிலர், நிலவுலகு பிறர்க்கும் பொது என்ற பேச்சைப் பொறாத வேந்தன் ஒருவனைக் காட்டுகிறார். பொதுமை அரசர்க்குக் கசந்தது. பிற்காலத்திலோ விலைமகளிரைப் 'பொதுமகளிர்' என்றனர். இன்று பொதுமக்கள், பொதுநலம், பொதுவுடைமை என்று அச்சொல் நிமிர்ந்து நிற்கிறது. மட்டமும் ஒருநாள் அப்படி நிமிரலாம்.

வந்த சொற்களுள் கொடியது 'மாமூல்'. வழக்கமானது என்று பொருள்தரும் அரபுச் சொல் அது. கையூட்டுக்கே இப்போது அதுதான் பெயர். லஞ்சம் என்றால் வாங்குகிறவன் சீறுவான்; மாமூல் என்றால் சிரிப்பான். திருட்டுக்கு அன்றாடம் என்னும் ஆடையை உடுத்திவிட்டால், கேட்பவனே வெட்கப்பட வேண்டியதாகிறது.

வழக்கில் திரியாது பொருளுணர்த்தும் சொல்லை இயற்சொல் என்றது தொல்காப்பியம். செய்யுட்குரிய நால்வகைச் சொற்களை எண்ணும்போது முதலிடம் அதற்கே தந்தது. திரிசொல் அதற்கு அடுத்துத்தான். நம் எழுத்தாளர் சிலர் 'சோறு' என்று எழுதக் கூசிச் 'சாதம்' பரிமாறுவதைப் பார்த்தால், அந்த வரிசை அவர்கட்குத் தலைகீழாகத் தெரிகிறது போலும்.

சாதாரணம் என்ற சொல்லே இன்றிச் சாதாரண மனிதனைக் காட்ட முடியாதா? புறநானூற்றின் 189-ஆம் பாட்டைப் படியுங்கள். ஒரு குடைக்கீழ் நிலம் முழுதும் ஆளும் வேந்தனோடு வேட்டுவன் ஒருவனை நக்கீரனார் நிறுத்துகிறார். கல்லாதவன் என்று சொல்கிறார். இழிந்தவன் என்று சொல்லவில்லை. நள்ளிரவிலும் பகலிலும் கண்ணுறங்காது விரைந்தோடும் விலங்கைத் தேடுகிறான் அவன். உண்ண ஒரு நாழி தானியம், உடுக்க இரண்டு துணி. வேந்தனுக்கும் அளவு அதுவே.