தலையெழுத்தா? தாளெழுத்தா?

ஏழை மக்களின் துயரத்தைக் காட்டும் படக்காட்சிகளுக்கு நம்மிடையே என்றும் குறைவில்லை. கொடிய முதலாளி ஒருவன், கண்ணீர் வடிக்கும் பெண் ஒருத்தி, இறுதியில் விதியை நொந்து ஒரு பாட்டு. இம்மூன்றும் அமைந்துவிட்டால் கொட்டகையில் விம்மலோசை எழும். வெளியே வந்ததும் எல்லாம் மறந்துபோகும். இவ்வழியை அறவே கைவிட்ட ஒரு படத்தைப்பற்றி இவ்வாரம் எழுத விரும்புகிறோம். ஜப்பானிய டைரக்டர் அகியோ ஃபுஜிமோட்டோ 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட அப்படத்தின் பெயர் ‘உமிபே நோ கனோஜோதாச்சி’. கடலோரத்துப் பெண்கள் என்பது அதன் பொருள்.

கதை சிறியது. தொழிற்பயிற்சி பெறவென்று வியட்நாமிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற மூன்று இளம்பெண்கள், வேலை கொடுத்தவரின் கொடுமை தாங்காமல் ஓரிரவில் தப்பியோடுகிறார்கள். தரகன் ஒருவன் அவர்களை வடக்கே பனி மூடிய ஒரு மீன்பிடித் துறைக்குக் கொண்டுபோய் வேலையில் சேர்க்கிறான். ஓடிய கணத்திலிருந்து அவர்கள் சட்டத்துக்குப் புறம்பானவர்கள். மூவரில் ஒருத்தியாகிய ஃபுவோங் கருவுற்றிருக்கிறாள். வைத்தியரிடம் போகவேண்டும், அதற்கு வேண்டிய அடையாளச் சீட்டு அவளிடம் இல்லை. பொய்ச் சீட்டொன்றை விலை கொடுத்து வாங்க வேண்டியவளாகிறாள்.

இக்கதையின் உண்மை விளங்கவேண்டுமானால் ‘பயிற்சி’ என்னும் சொல்லின் வரலாறு தெரியவேண்டும். ஜப்பான் சர்க்கார் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தை 1993-இல் ஏற்படுத்திற்று. வளரும் நாடுகளின் இளைஞர்கள் தொழில் கற்றுத் தாய்நாடு திரும்பி, அதனை முன்னேற்ற வேண்டுமென்பதே சொல்லப்பட்ட நோக்கம். ஆள் பற்றாக்குறையை ஈடுசெய்ய இத்திட்டத்தைப் பயன்படுத்தலாகாது என்று 2017-இல் அமுலுக்கு வந்த சட்டமும் கூறிற்று. நடந்ததோ வேறு. வயல், மீன் பதனிடும் சாலை, தையற்சாலை, கட்டட வேலை என உள்ளூரார் வர மறுத்த இடங்களையெல்லாம் நிரப்பியவர்கள் இந்த ‘மாணவர்கள்’தாம். 2023-ஆம் ஆண்டிறுதியில் அவர்கள் தொகை 4 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஒரு முதலாளியிடம் பயில வந்தவர் வேறொருவரிடம் போக இத்திட்டத்தில் பொதுவாக இடமில்லை. நாட்டில் தங்கும் அனுமதியும் அந்த ஒரு வேலையோடு முடிச்சிடப்பட்டது. போதாக்குறைக்குக் கடன் வேறு. ஜப்பானியக் குடிநுழைவு இலாகா 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி, பயிற்சியாளரில் பாதிக்கு மேற்பட்டோர் கடன்பட்டே வந்தவர்கள். சராசரிக் கடன் சுமார் 5 இலட்சத்து 47 ஆயிரம் யென். கடனோடு ஊர் திரும்ப வழியில்லை. கொடுமையோடு இருக்கவும் மனமில்லை. எஞ்சியது ஓட்டம் ஒன்றே. 2023-இல் மட்டும் 9,753 பேர் அவ்வாறு மறைந்தனர். கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறி, அதை அடைப்பதிலேயே காலங்கழித்த பாட்டன்மாரின் வழிவந்த நம் தோட்டத்து மக்களுக்கு இது விளங்காத விஷயமன்று. அந்த ஆளெடுப்பை இந்திய சர்க்கார் 1938-இல் தடுத்தது. ஆனால் கடனால் ஆளைக் கட்டும் முறை வேறு நாடுகளில் வேறு பெயர்களோடு வாழ்கிறது.

இனிப் படத்தின் தரத்தைப் பார்ப்போம். மியன்மார் நாட்டுப் பயிற்சிப் பெண் ஒருத்தி உதவி வேண்டி இந்த டைரக்டருக்கு எழுதியதும், பின்னர் அவளுடைய தொடர்பு அற்றுப்போனதுமே இப்படத்திற்கு வித்து. அவ்வுண்மையை அவர் அழுகையாக்கி விற்கவில்லை. வலை, மீன், பனி, இரவு என்று வேலையை வேலையாகவே காட்டுகிறார். சீட்டைத் தேடியும் வைத்தியசாலையைத் தேடியும் ஃபுவோங் பனியில் நடக்கும்போது காமிரா அவளருகிலேயே நடக்கிறது. அவளுக்குத் தெரியாத எதையும் நமக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. பார்ப்பவர் இரங்குவதற்கு முன் அஞ்சுகிறார். இரக்கம் மேலே நின்று கீழே பார்ப்பது. அச்சம் அவளோடு சேர்ந்து நிற்பது. இதுவே இப்படத்தின் தலையாய சிறப்பு என்பது நமது அபிப்பிராயம்.

குறையும் உண்டு. கதை ஓட்டத்தில் தொடங்குவதால், முதல் முதலாளியின் முகத்தை நாம் காண்பதேயில்லை. வியட்நாமில் பணம் பறித்தவர்களும் திரையின் வெளியே தப்பி நிற்கின்றனர். தரகன் ஒருவனே கண்முன் நிற்பதால், எல்லாப் பழியும் அவன் தலையில் விழக்கூடும். ‘தனிமனிதனைப் பழிப்பதைவிட முறையைக் காட்டுவதே மேல்’ என்று சிலர் சமாதானம் கூறுவர். முறையினால் இலாபம் அடைந்தவர்களுக்கும் முகம் உண்டல்லவா? அதனை ஒரு காட்சியிலேனும் காட்டியிருந்தால் படத்தின் வலிமை குன்றியிராது.

இது மிகைப்படுத்திய கற்பனை என்போர் ஒரு வழக்கை நினைவு கூரவேண்டும். படம் வெளியான அதே 2020-இல், குமமோத்தோ மாநிலத்தில் ஒரு வியட்நாமியப் பயிற்சிப் பெண், ஊருக்கு அனுப்பிவிடுவார்களென்று அஞ்சிக் கருவை மறைத்து, தன் அறையில் தனியே இரட்டைக் குழந்தைகளை ஈன்றாள். இரண்டும் இறந்தே பிறந்தன. பிணங்களைக் கைவிட்டாள் என்று அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். கீழ்க்கோர்ட்டுகள் தண்டித்தன, 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. கருவுற்றதற்காக ஒருத்தியை வேலைநீக்கம் செய்யலாகாதென்று ஜப்பானியச் சட்டம் சொல்கிறது. அச்சட்டம் அவள் அறைக்குள் எட்டவில்லை.

2024-இல் ஜப்பானியப் பாராளுமன்றம் இப்பயிற்சி முறையை ஒழித்து, 2027-இல் வேறொன்றைத் தொடங்குவதற்குச் சட்டம் இயற்றிற்று. ஆள் தேவைக்காகவே ஆள் எடுக்கிறோம் என்பதைப் புதிய சட்டம் ஒப்புக்கொள்கிறது. குறித்த காலத்துக்குப்பின், சில நிபந்தனைகளோடு, அதே தொழிலில் முதலாளியை மாற்றவும் இடந்தருகிறது. முப்பதாண்டுப் பொய்யைக் கைவிட்டதை வரவேற்கிறோம். கடனைப்பற்றிய கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது.

ஃபுவோங் இறுதியில் ஒரு முடிவுக்கு வருகிறாள். அதனைப் படத்திலேயே காண்க. அது அவள் தலையெழுத்து என்று பெருமூச்சு விடுவோர் மறுமுறையும் பார்க்கக் கடவர். தலையில் எவரும் எழுதவில்லை, தாளில் எழுதினார்கள். எழுதிய கைகள் மனிதர் கைகள். எனவே திருத்தவும் முடியும். அயல்நாட்டில் ‘பயிற்சி’ என்று நம் இளைஞரை எவரேனும் அழைத்தால், சம்பளத்தைக் கேட்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்பார்களாக: வேலையை விட்டால் அனுமதி என்னவாகும்? சீட்டு யார் கையில் இருக்கும்? கடன் யாருக்கு?