எல்லையின் தென்கரை எங்கே?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மெக்சிக எல்லை மக்களின் வரலாறும் இலக்கியமும் பாடமாவதற்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் அமெரிக்கோ பரேதெஸ். டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் நகரில் 1915-இல் பிறந்தவர். கிரகோரியோ கோர்தெஸ் பற்றிய அவருடைய நூல் 1958-இல் வந்தது. 1901-இல் ஒரு ஷெரிப்பைச் சுட்டுவிட்டு, துரத்தியவர்களுக்குப் பத்து நாள் போக்குக் காட்டியவர் கோர்தெஸ். அதிகாரிகளுக்கு அவர் கொலைகாரர். ரியோ கிராண்டே ஆற்றங்கரை மக்கள் கிதாரோடு பாடிய ‘கொரிதோ’ கதைப்பாடல்களிலோ நாயகர். நடந்தது எது, பாட்டில் வளர்ந்தது எது என்று பரேதெஸ் பிரித்துக் காட்டினார். டெக்சாஸ் ரேஞ்சர்கள் என்ற மாநிலக் காவல்படையின் புகழையும் அதே கண்டிப்போடு உரசிப் பார்த்தார். தன் மக்களின் பாட்டையும் சோதனைக்கு உட்படுத்திய அந்த நேர்மைதான் இந்தப் படிப்பின் பெரும்பலம்.

பள்ளிகளிலும் அது பலன் தந்தது. அரிசோனாவின் டூசான் நகரில் மெக்சிக-அமெரிக்கப் பாடம் எடுத்த மாணவர்கள் பள்ளிப்படிப்பை முடிக்கும் வாய்ப்பு கூடியிருந்ததை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் இனவெறுப்பை வளர்க்கிறது என்ற குற்றச்சாட்டோடு வந்த மாநிலச் சட்டத்தின் நெருக்கடியால், 2012-இலேயே பாடத்தை நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தடைக்குப் பின்னால்தான் இனப்பகை இருந்தது என்று 2017-இல் கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார்.

குறை வேறிடத்தில் இருக்கிறது.

குளோரியா அன்சால்துவாவின் ‘பார்டர்லேண்ட்ஸ்’ 1987-இல் வெளியானது. ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் வயல்வேலை செய்து வளர்ந்தவர் அவர். எல்லையைக் காயமாக எழுதும் உரிமையை உழைத்தே பெற்றார். அவரைப் படித்த பலருக்கோ எல்லை ஒரு மனநிலையாகச் சுருங்கிவிட்டது. இரண்டு அடையாளங்களுக்கு நடுவே நிற்கும் எவரும் எல்லைவாசி என்றானபோது, சோதனைச்சாவடியும் தொழிற்சாலை ஷிப்டும் வகுப்பறையிலிருந்து நழுவின. அஸ்டெக் தெய்வங்களைக் கொண்டாடும் பாடங்களில், 1853-இல் மெக்சிகோவும் அமெரிக்காவும் பேசி முடித்த நிலவிற்பனையால் நிலம் இரண்டாகப் பிளந்த தோஹோனோ ஓதாம் மக்கள் இன்றும் வாழ்வது பெரிதாகப் பேசப்படுவதில்லை. பழங்குடிப் பெருமையைத் தன்னதாக்கிக்கொண்டு, வாழும் பழங்குடிகளை விட்டுவிடுவது சிறிய பிழையல்ல.

அதைவிடப் பெரிய இழப்பு தென்கரை. வடக்கில் எழுதுவோருக்கு உருவகமாகிப்போன எல்லை, மெக்சிகோவின் வட மாநிலத்தவருக்கு அன்றாடம் கடக்க வேண்டிய பாலம் என்று சொல்லிவருபவர் சோகோரோ தபுவென்கா. டெப்ரா காஸ்தியோவோடு சேர்ந்து 2002-இல் அவர் வெளியிட்ட நூல், இருகரைப் பெண் எழுத்தாளர்களையும் ஒன்றாக வைத்துப் படிக்கிறது. ஸ்பானிய மொழி தடை என்ற சாக்கும் முழுதாகச் செல்லாது: தென்கரை நகரமான சியுதாத் ஹுவாரெஸின் மதுக்கூடங்களையும் விடுதிகளையும் எழுதிய ரொசாரியோ சான்மிகேலின் கதைகள் 2008 முதல் இருமொழிப் பதிப்பில் கிடைக்கின்றன. அன்சால்துவாவோடு சேர்த்து அவரையும் அதே பருவத்தில் பாடமாக வைப்பதற்கு இனி எந்தத் தடையும் இல்லை.