கூற்றும் கேட்போரும் எச்சமும்: ‘சோளகர் தொட்டி’ நாவலில் சாட்சியம்

செய்யுள் உறுப்புகளை எண்ணும் தொல்காப்பியர், கூற்றினை அடுத்துக் கேட்போரையும் களனையும் தனித்தனி உறுப்புகளாக வைத்துள்ளார். சொல்பவர் இருந்தால் மட்டும் போதாது. கேட்பவர் யார், எவ்விடத்துக் கேட்கிறார் என்பனவும் கூடியே கூற்று நிறைவெய்தும் என்பது இதனாற் பெறப்படும். அகப்பாடல் ஆய்வுகளில் பெரிதும் பயன்பட்டுவந்த இக்கருத்து, வன்கொடுமைக்கு ஆளானோரின் சாட்சியத்தைப் பொருளாகக் கொண்ட இக்கால நாவல்களை மதிப்பிடவும் இடந்தருகிறது. வழக்கறிஞர் ச. பாலமுருகன் எழுதி 2004இல் வெளிவந்த ‘சோளகர் தொட்டி’ அவற்றுள் முதன்மையானது.

வீரப்பனைத் தேடும் பணியில் 1990களில் தமிழக, கர்நாடகச் சிறப்பு அதிரடிப்படைகள் ஈடுபட்டன. சத்தியமங்கலம், மாதேசுவரன் மலைப் பகுதி மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளாயினர் என்றும், பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர் என்றும் முறையீடுகள் எழுந்தன. மாதேசுவரன் மலையிலிருந்த சித்திரவதைக் கூடத்துக்கு ‘ஒர்க் ஷாப்’ என்று பெயர். கைத்தொழிலுக்குரிய சொல் ஒன்று இவ்வாறு இழிந்த வரலாறு தனியே ஆராயத்தக்கது. தேசிய மனித உரிமை ஆணையம், கர்நாடக உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஏ.ஜே. சதாசிவா தலைமையில் 1999இல் விசாரணைக் குழு அமைத்தது. 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணமாக வழங்கப்பட்டது.

நிவாரணம் வேண்டின் சாட்சியம் வேண்டும். சாட்சியத்துக்கு நாள், இடம், ஆள் அடையாளம் வேண்டும். கண் கட்டப்பட்டு அடைபட்டிருந்த ஒருத்தி இவற்றை எங்ஙனம் சொல்வாள்? சொல்லாது விட்டது குறையாகிறது. சில வேளைகளில் அவளுக்கே எதிராகிறது. 1972இல் மகாராட்டிரக் காவல்நிலையம் ஒன்றில் பழங்குடிச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமை தொடர்பான மதுரா வழக்கில், உடலில் காயமின்மையையும் எதிர்ப்பின்மையையும் இசைவுக்குச் சான்றாகக் கொண்டு உச்சநீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. அத்தீர்ப்புக்கு எழுந்த கண்டனமே காவலில் நிகழும் வன்புணர்வு குறித்த 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கு வழிவகுத்தது. மௌனத்தைப் பொருள்கொள்ளத் தெரியாத கேட்போரால் நேர்ந்த பிழை அது.

தொல்காப்பியம் இதற்கு மற்றொரு பெயர் வைத்துள்ளது. சொல்லாலோ குறிப்பாலோ பின்னர் நிறைவு பெறுமாறு விடப்படுவது எச்சம். எச்சத்தை நிரப்பும் கடப்பாடு கேட்பவரைச் சார்ந்தது. நாவலின் இரண்டாம் பகுதியில் சிவண்ணாவின் மனைவி மாதியும் அவள் மகள் சித்தியும் முகாமில் அடைக்கப்படுகின்றனர். ஒருத்திக்கு நேர்ந்ததை மற்றவள் அறிவாள். ஆதலின் அவ்விருவரிடையே விளக்கம் வேண்டுவதில்லை. தாயும் மகளும் ஒருவர்க்கொருவர் கேட்போராகும் இந்நிலையே நாவலின் உயிர்நிலை எனலாம்.

முதற்பகுதி தொட்டியின் வாழ்வை, தெய்வத்தை, நில இழப்பை விரித்துரைப்பதைத் தேவைக்கு மிக்க நீட்சி எனக் கருத இடமுண்டு. அக்கருத்து பொருந்தாது. முகாமிலிருந்து மீள்பவர்க்குத் திரும்பிச்செல்ல ஓர் இடமும் அங்குக் கேட்பதற்கு மனிதரும் வேண்டும். அவர்களை முதற்பகுதி முன்னரே படைத்துத் தந்துவிடுகிறது. மாறாக, முகாம்க் காட்சிகளில் கொடுமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுமிடத்து நாவலாசிரியரை வழக்கறிஞர் வென்றுவிடுகிறார். அங்கு நடை மனுவின் நடையாகிறது, எச்சத்துக்கு இடமில்லை.

இத்தகைய எழுத்தைக் கண்ணகியின் வழக்குரையோடு ஒப்பிடுதல் எளிது. ஆயினும் கண்ணகியிடம் சிலம்பு இருந்தது. தன் பிழையை உணரும் அரசனும் இருந்தான். மாதிக்கு இரண்டும் இல்லை.

கேட்போரை உருவாக்கும் முயற்சிகள் இலக்கியத்துக்கு வெளியேயும் நிகழ்ந்துள்ளன. அவற்றுள் இரண்டு பெங்களூரைச் சார்ந்தவை. 1979இல் அங்குத் தொடங்கப்பட்ட விமோச்சனா அமைப்போடு தொடர்புடைய கொரின் குமார், 1990களிலிருந்து ‘பெண்கள் நீதிமன்றம்’ என்னும் வடிவத்தைப் பல நாடுகளில் வளர்த்தெடுத்தார். அங்குக் குறுக்கு விசாரணை இல்லை, தண்டனையும் இல்லை. பாதிக்கப்பட்டவர் தம் சொல்லில், தாம் விரும்பும் அளவே உரைப்பார். பாட்டும் கவிதையும் காட்சியும் இடையிடையே அமையும். நடுவர்களின் முதற்கடமை கேட்டல். இவ்வடிவத்தைத் தழுவி, முன்னாள் யூகோசுலாவியப் போர்களில் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக 2015 மே மாதம் சாராயேவோவில் ஒரு நீதிமன்றம் கூடியது. நான்கு நாள் நிகழ்வுக்கு ஆண்டுக்கணக்கில் ஆயத்தம் நடந்தது. சாட்சியமளிப்போர் ஒருவரோடொருவர் பேசிப் பழகவே பெரும்பொழுது செலவிடப்பட்டது. மற்றொன்று நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் பணி. 2002 குஜராத் கலவரத்துக்குப் பின் களப்பணியாளர்க்கு அந்நிறுவனம் அளித்த உளசமூகப் பராமரிப்புப் பயிற்சியில் கவனித்துக் கேட்டல் அடிப்படைத் திறன்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது. மருத்துவரின் எண்ணிக்கை போதாத நாட்டில் ஊர்ப் பணியாளரைக் கேட்போராக்கும் திட்டம் இது.

தமிழகத்தில் இதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கது வாச்சாத்தி. 1992 சூன் 20 அன்று தொடங்கிய வன்முறையில் 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர், ஊர் வெறிச்சோடியது. 2011இல் 269 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்திருந்தனர். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்து, பெண் ஒவ்வொருவர்க்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. முப்பத்தோராண்டு அப்பெண்கள் சொல்லை மாற்றாது நின்றமைக்கு, தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் உடன் நின்றமையும் ஒரு காரணம். ஒரே ஊரினர், ஒரே மொழியினர் என்பதும் அவர்களுக்கு வாய்த்த துணை.

சோளகர்க்கு அது வாய்க்கவில்லை. இரு மாநிலங்களில் சிதறி வாழும் அவர்களின் பேச்சு தமிழும் அன்று, முற்றும் கன்னடமும் அன்று. அவர்கள் சொல்வது அலுவலக மொழிகளுக்கு மாறியே எந்த விசாரணைக் கோப்பிலும் ஏறும். நாவலோ தமிழில் அமைந்தது. இரண்டிலும் மாதி போன்றோரின் கூற்று மொழிபெயர்ந்த கூற்றே. அம்மொழிபெயர்ப்பில் எஞ்சியவை எவை என்பதை, அம்மொழி அறிந்தவரைத் துணைக்கொண்டு நாவலை மீண்டும் வாசித்தே அறியவியலும். தமிழ் நாவல் ஆய்வில் அவ்வாசிப்புக்குரிய இடம் பெரிது.