நினைவும் மதிப்பீடும்

சென்னை 'இந்து' ஆங்கில நாளிதழில் பழைய தமிழ்ப்படங்களைப் பற்றிப் பல்லாண்டு எழுதியவர் ராண்டார் கை (1937–2023). இப்படம் இன்னதற்காக நினைவுகூரப்படும் என்று கட்டுரையை முடிப்பது அவர் வழக்கம். மறதியினின்று பல படங்களை மீட்ட தொண்டு அது. எனினும் நினைவு வேறு, மதிப்பீடு வேறு.

எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) பாடலில்லாப் படம் என்றே புகழ்பெற்றது. அஃது இல்லாததைப் போற்றுவதாகும். உள்ளதை ஆராய்தல் வேண்டும். யப்பானியர் குண்டுவீசிய 1943 ஆம் ஆண்டுச் சென்னையில், தன் திறமையை நாடு மதிக்கவில்லையென்று பகைவருக்குத் துணைபோன வானொலிப் பொறியாளன் கொலையுண்கிறான். மதிக்கப்படாத அறிவு இரண்டகம் செய்யலாமா என்பதே படத்தின் வினா. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானியக் குண்டுகளைத் தாங்கிய திருகோணமலையார்க்கு அவ்வினா வெறுங்கதையன்று. அதனை எழுப்பாத விமர்சனம் பட்டியலாகவே எஞ்சும்.