மோரிபிடோ: ஈட்டிக்காரியும் இளவரசனும்

'செய்ரெய் நோ மோரிபிடோ' 2007 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சியில் 26 அத்தியாயங்களாக ஒளிபரப்பான அனிமே தொடர். 'ஆவியின் காவலர்' என்று இத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். நஹோகோ உவெஹாஷி 1996-ல் எழுதிய சிறுவர் நாவலைத் தழுவியது. தயாரிப்பு புரொடக்‌ஷன் ஐ.ஜி. நிறுவனம். 'கோஸ்ட் இன் த ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்' தொடரை இயக்கிய கென்ஜி கமியாமா இதையும் இயக்கினார். இசை கென்ஜி கவாய்.

பெயர்கள் பற்றி ஒரு குறிப்பு. கதையின் இளவரசன் பெயரை ஆங்கில எழுத்தின் வழியே தமிழுக்குக் கொண்டுவந்தால் 'சாகும்' என்று வந்து நிற்கிறது. கொலைக்குக் குறிவைக்கப்பட்ட பிள்ளைக்கு இது நம் காதுக்கு மட்டும் கேட்கும் அபசகுனம். ஜப்பானிய ஒலிப்பில் இறுதியில் ஓர் உகரம் உண்டு. ஆகவே இக்கட்டுரையில் 'சாகுமு'.

கதை

பால்சா 30 வயதுப் பெண். கூலி வாங்கிக்கொண்டு பிறருக்குக் காவல் நிற்பவள். குட்டை ஈட்டி அவளது ஆயுதம். வடக்கே மலைகளுக்கு அப்பால் உள்ள கன்பல் அவள் பிறந்த நாடு. புதிய யோகோ பேரரசின் தலைநகருக்கு அவள் வந்துசேரும் நாளில், பாலத்தின்மேல் மாடு மிரண்டு வண்டியிலிருந்து ஒரு சிறுவன் ஆற்றில் விழுகிறான். குதித்துக் காப்பாற்றுகிறாள். அவன் பேரரசரின் இரண்டாம் மகன் சாகுமு.

அன்றிரவு அவனுடைய தாயான இரண்டாம் அரசி பால்சாவை இரகசியமாக அழைக்கிறாள். சிறுவனின் உடலுக்குள் ஏதோ ஒன்று புகுந்திருக்கிறது. தெய்வ வம்சம் எனப்படும் அரச குடும்பத்துக்கு அது தீட்டு. ஆகவே வெளியே தெரியாமல் மகனைக் கொன்றுவிட முயல்பவர் தந்தையான பேரரசரே. பொன்னைக் கொடுத்து, மகனை அழைத்துக்கொண்டு ஓடிவிடும்படி கேட்கிறாள் அரசி. பால்சா மறுத்தாலும் தப்ப முடியாது. இந்த இரகசியம் அறிந்தவளை அரண்மனை உயிரோடு விடாது.

சிறுவனுக்குள் இருப்பது நீர் ஆவி நூறு ஆண்டுக்கு ஒருமுறை இடும் முட்டை. அது பத்திரமாகப் பொரிந்தால்தான் நாட்டில் மழை. ராருங்கா என்னும் வேற்றுலக மிருகம் அதைத் தின்ன வரும். முட்டையையும் பிள்ளையையும் சேர்த்துப் பிழைக்கவைக்க வேண்டும். பயணத்தின் நோக்கம் இவ்வளவுதான்.

பொருந்தாத இணை

பொருந்தாத இருவரை ஒரே வழியில் நடக்கவிடுவது மாயக்கதைகளில் பழைய உத்தி. வழக்கமாக இருவரும் சண்டை போடுவார்கள், நமக்குச் சிரிப்பு வரும், ஏழெட்டு அத்தியாயத்தில் நண்பர்களாகிவிடுவார்கள். மோரிபிடோ அந்தச் சுலபமான வழியில் போகவில்லை. இங்கே பொருத்தமின்மை குணத்தில் இல்லை. இருவருமே அமைதியானவர்கள், இருவருமே பிடிவாதக்காரர்கள். வேறுபாடு அவர்களுடைய அறிவில் இருக்கிறது. நட்சத்திரங்களின் போக்கும் முன்னோர் வரலாறும் சாகுமுவுக்குத் தெரியும். காசு கொடுத்துச் சாமான் வாங்கத் தெரியாது. அவன் வாய் திறந்தால் போதும், அரண்மனைப் பேச்சு அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். பால்சாவுக்கு வழியும் காடும் மனிதர்களின் கண்ணசைவும் தெரியும். ஆனால் ஒரு பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று தெரியாது. அவள் வளர்ந்த விதமே வேறு.

இன்னொரு நுட்பம் தலைப்பிலேயே இருக்கிறது. 'ஆவியின் காவலர்' என்றதும் ஈட்டி ஏந்திய பால்சாவைத்தான் நினைப்போம். கதைக்குள் அந்தப் பெயர் முட்டையைச் சுமக்கும் பிள்ளைக்கு உரியது. பால்சா காவலனுக்குக் காவல். காப்பாற்றப்பட வேண்டியவன் என்று எல்லோரும் நினைக்கும் சிறுவனுக்கு அவனுக்கென்று ஒரு காவல்பணி இருக்கிறது. இதைப் பால்சாவும் தாமதமாகத்தான் புரிந்துகொள்கிறாள்.

சாகுமுவுக்குக் குரல் கொடுத்தவர் நாஒதோ அதாச்சி, அப்போது அவரும் சிறுவர். ஜப்பானிய அனிமேயில் சிறுவர்களுக்குப் பெரும்பாலும் பெண்களே குரல் கொடுப்பார்கள். இந்தத் தேர்வால் சாகுமுவின் பேச்சில் ஒரு கூச்சமும் விறைப்பும் வந்திருக்கின்றன. பயிற்சி பெற்ற குரலில் அவை வந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆலைவீட்டு நாட்கள்

இத்தொடரைப் பற்றி அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. மூன்றாம் அத்தியாயத்தில் பேரரசரின் வேட்டையர்களோடு பால்சா மோதும் காட்சி அனிமேயின் மிகச் சிறந்த சண்டைக்காட்சிகளில் ஒன்று. அதன்பின் தொடர் படுத்துவிடுகிறது, ஒன்றுமே நடப்பதில்லை என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

அந்தச் சண்டையைக் கவனித்துப் பார்த்தால் பால்சா யாரையும் கொல்வதில்லை என்பது தெரியும். கொல்லாமல் தடுப்பதற்காக உடம்பில் வெட்டு வாங்குகிறாள், சாவின் விளிம்புக்குப் போகிறாள். அவளைத் தைத்துப் பிழைக்கவைப்பவன் டாண்டா. பச்சிலை வைத்தியன், சமையல் தெரிந்தவன், பல ஆண்டுகளாக அவள் திரும்பி வருவதற்காகக் காத்திருப்பவன். ஆயுதம் பெண் கையிலும் அடுப்பு ஆண் கையிலும் இருப்பதை இத்தொடர் ஒரு புதுமைபோல் சொல்லிக் காட்டுவதே இல்லை. அவர்கள் வீட்டில் அப்படித்தான்.

துரத்துபவர்கள் இருவரும் இறந்துவிட்டதாக நம்பியபின், பால்சாவும் சாகுமுவும் ஒரு நீராலை வீட்டில் குடியேறுகிறார்கள். இந்தப் பகுதி நாவலில் இல்லை; கமியாமாவும் அவருடைய எழுத்தாளர்களும் சேர்த்தது. தொடரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இளவரசன் அரிசி கழுவுகிறான். ஊர்ப் பிள்ளைகளோடு விளையாடுகிறான், தோற்கிறான். தோயா, சாயா என்ற இரண்டு அநாதைப் பிள்ளைகள் நகரத் தெருவில் எடுபிடி வேலை செய்து எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்க்கிறான். ஆட்சி செய்யப் பிறந்தவன் என்று சொல்லி வளர்க்கப்பட்டவனுக்கு, ஆளப்படுகிறவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது முதன்முறையாகத் தெரியவருகிறது.

பால்சா அவனுக்குப் பாடம் எதுவும் நடத்துவதில்லை. வேலையைக் கொடுக்கிறாள், பக்கத்தில் இருக்கிறாள், அவன் தடுமாறும்போது உடனே போய்த் தாங்குவதில்லை. வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் நின்றவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு கடினம் என்று தெரியும். கரும்பலகையில் பிள்ளை தப்பாகக் கணக்குப் போடும்போது சும்மா நிற்பதற்கு நிறையப் பயிற்சி வேண்டும்.

சண்டையே இல்லாமல் ஒரு அத்தியாயத்தை எப்படி இழுத்துக் கட்டலாம் என்பதற்கு எட்டாம் அத்தியாயம் உதாரணம். உடைந்த ஈட்டியைச் சரிசெய்யப் பால்சா ஒரு கொல்லரின் பட்டறைக்குப் போகிறாள். அவள் உள்ளே மறைந்திருக்க, வேட்டையர்களில் இருவர் அதே பட்டறைக்கு வருகிறார்கள். ஒரு அடி விழவில்லை. கொல்லர் பேசுகிறார், கேட்கிறார். ஆயுதம் யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதுதான் பேச்சு. பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாகிறது.

எட்டு உயிர்

பால்சாவின் தந்தை கன்பல் அரசரின் வைத்தியர். அரசரின் தம்பி மிரட்டி, அவரைக் கொண்டே அரசருக்கு நஞ்சு கொடுக்கவைத்தான். தன்னையும் மகளையும் விட்டுவைக்க மாட்டான் என்று தெரிந்த வைத்தியர், நண்பரும் ஈட்டி வீரருமான ஜிகுரோவிடம் சிறுமி பால்சாவை ஒப்படைத்தார். ஜிகுரோ அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். துரத்தி வந்தவர்கள் அவருடைய சொந்தத் தோழர்கள். அவளைக் காப்பதற்காக எட்டுப் பேரை அவர் தம் கையால் கொல்ல நேர்ந்தது. அவர் மறைவுக்குப்பின் எட்டு உயிர்களைக் காப்பாற்றுவது என்று பால்சா சபதம் செய்துகொள்கிறாள்.

எட்டுக்கு எட்டு. கணக்கு நேராகத்தான் தெரிகிறது. இந்தக் கணக்கைத் தொடர் எப்படிக் கலைக்கிறது என்பதுதான் முக்கியம். ஒருவரைக் காக்க இன்னொருவரோடு மோத வேண்டியிருக்கிறது, காயப்படுத்த வேண்டியிருக்கிறது, புதிய பகை சேர்கிறது. இந்தப் பக்கம் கழித்தால் அந்தப் பக்கம் கூடுகிறது. கூலிக்குச் செய்யும் காவலில் உயிர்களை எண்ணலாம். குகையில் ஒரு குளிர்காலம் முழுவதும் கூடவே இருந்து, தூக்கத்தில் பிள்ளை புரள்வதைக் கேட்டபின் அவனை ஓர் எண்ணாக வைத்திருக்க முடிவதில்லை.

இதற்கு முன் ஒரு கடினமான கட்டம் வருகிறது. நூறு ஆண்டுக்கு முன் முட்டையைச் சுமந்த பிள்ளை ராருங்காவால் கிழிக்கப்பட்டு இறந்தது பெரியவர்களுக்குத் தெரியவருகிறது. சாகுமுவிடம் அதைச் சொல்லத் தயங்குகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அவனுக்குத் தெரிந்ததும் வெடிக்கிறான்: இதை நான் கேட்கவில்லை, எனக்கு ஏன் என்று. தந்தை கொல்லப் பார்த்தார், காப்பதாகச் சொன்னவர்கள் உண்மையை மறைத்தார்கள். ஒரு பிள்ளைக்கு இதைவிட நியாயமான கோபம் எது? பால்சா ஆறுதல் சொல்வதில்லை, மன்னிப்பு என்று நீட்டுவதும் இல்லை. அந்த ஆத்திரத்தை எதிர்கொண்டு வாங்கிக்கொள்கிறாள். தான் சிறுமியாக இருந்தபோது தன் ஆத்திரத்தை ஜிகுரோ வாங்கிக்கொண்டது இப்படித்தான் என்று அவளுக்கு உறைக்கிறது. அவருக்குத் தான் ஒரு சுமை மட்டுமே என்று அத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தாள். அப்படி இருந்திருக்காது என்பதை அறிய அவளுக்கு ஒரு சாகுமு தேவைப்படுகிறான்.

மறந்துபோன பாட்டு

உவெஹாஷி பண்பாட்டு மானிடவியல் படித்தவர். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடையே கள ஆய்வு செய்தவர். கதையின் அரசியல் அங்கிருந்து வந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

யோகோ மக்கள் அந்த மண்ணுக்குப் பிறகு வந்தவர்கள். முன்பிருந்தவர்கள் யாகூ. அரசின் வரலாற்றின்படி, முதல் பேரரசர் தோர்கல் ஒரு நீர்ப்பேயைக் கொன்று நாட்டைத் தூய்மையாக்கினார். ஆண்டுதோறும் கோடைத் திருவிழாவில் அந்த வீரம் நடித்துக் காட்டப்படுகிறது. சாகுமுவின் ஆசிரியரும் நட்சத்திரம் பார்த்து ஆட்சிக்கு வழிசொல்லும் அறிஞர்களில் ஒருவருமான ஷூகா, நிலவறையில் உள்ள பழைய கல்வெட்டுகளைத் தனியே உட்கார்ந்து படிக்கத் தொடங்குகிறார். நடந்தது வேறு என்பது வரிவரியாக வெளிவருகிறது. பேய் என்று சொல்லப்பட்டதுதான் மழையைத் தரும் ஆவி.

யாகூக்களுக்காவது உண்மை தெரிய வேண்டுமே? அவர்களும் மறந்துவிட்டார்கள். ஆள்பவரோடு கலந்து, ஆள்பவர் மொழியைப் பேசி, சொந்தக் கதையைக் கைவிட்டவர்கள். பாட்டிலும் சடங்கிலும் ஒரு வலசைப் பறவை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று பாடுபவருக்கே தெரியாது. டாண்டாவும் அவனுடைய குருவான டொரொகாய் கிழவியும் இந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். அரண்மனையில் கல்வெட்டு, காட்டில் பாட்டு. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் சிறுவன் பிழைத்திருக்க மாட்டான். இரண்டையும் சேர்க்கக்கூடிய ஒரே ஆள், இரண்டு இடத்திலும் வாழ்ந்த சாகுமு. பொருந்தாத இணை என்பதற்குக் கதையில் ஏன் இவ்வளவு இடம் என்பது இங்கே விளங்குகிறது.

எழுதப்பட்ட வரலாற்றைப் பொய் என்று தள்ளிவிட்டு, நாட்டார் வழக்கே மெய் என்று கொண்டாடுவது எளிது. உவெஹாஷி அதைச் செய்யவில்லை. கல்வெட்டு பொய் சொல்லவில்லை. அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பில் இருந்தவர்கள்தான் படிக்காமல் விட்டார்கள்.

குறைகள்

குறை இல்லாமல் இல்லை. ஷூகா கல்வெட்டு படிக்கும் காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே செய்தி மூன்று இடத்தில் விளக்கப்படுகிறது. காணும் உலகம் சாகு, காணா உலகம் நயுகு என்ற விளக்கங்களில் டொரொகாயின் வாய்க்குத் தாங்காத அளவு சொல் திணிக்கப்பட்டிருக்கிறது. ராருங்கா வரும் இறுதிப் போர் சிரத்தையோடு வரையப்பட்டிருந்தாலும் மூன்றாம் அத்தியாயத்தின் சண்டைக்குப் பக்கத்தில் நிற்காது. மனிதர்களோடு மோதும்போது இருந்த இக்கட்டு மிருகத்தோடு மோதும்போது இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை பேரரசர். மகனைக் கொல்லச் சொன்ன தந்தை, தொடரின் முடிவில் அதற்கு உண்மையாகப் பதில் சொல்வதே இல்லை.

பிரிவு

மூத்த இளவரசன் நோயில் இறந்துவிடுகிறான். முட்டையிலிருந்து விடுபட்ட சாகுமு இப்போது பட்டத்துக்குரியவன். தன்னைக் கொல்ல ஆள் அனுப்பியவரின் வீட்டுக்கு, அவருடைய வாரிசாகத் திரும்ப வேண்டும். இது வெற்றியா? துரத்திய வேட்டையர்களே இப்போது வழித்துணையாக நிற்கிறார்கள். அவன் போக மறுத்தால் பால்சா மறுபடியும் ஈட்டியை எடுக்கத் தயார். அவன் அதை அறிவான். அறிந்துகொண்டே போகிறான்.

பட்டப்பெயர் எதுவும் வேண்டாம், வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடு என்பதுதான் பிரியும்போது அவன் அவளிடம் கேட்பது. அவள் கூப்பிடுகிறாள். பிறகு அவன் வண்டியேற, அவள் டாண்டாவின் வீடு இருக்கும் திசைக்குக் கூட நேரே போகாமல், கன்பல் நோக்கி நடக்கிறாள். அங்கே ஜிகுரோவின் உறவினர்களைப் பார்க்க வேண்டும்.

பிற வடிவங்கள்

என்.எச்.கே. 2016 முதல் 2018 வரை இக்கதை வரிசையை நடிகர்களைக் கொண்டு நாடகத் தொடராகவும் எடுத்தது. பால்சாவாக ஹருகா அயாசே நடித்தார். அனிமே முதல் நாவலோடு நின்றுவிடுகிறது. பின்வரும் நாவல்களில் சில பால்சாவைப் பின்தொடர்கின்றன, சில சாகுமுவை. இருவர் வழியும் 'வானும் மண்ணும்' பற்றிய கடைசி மூன்று பாகங்களில் ஒன்றுசேர்கிறது. உவெஹாஷிக்கு 2014-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது. கேத்தி ஹிரானோவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் முதல் இரண்டு நாவல்கள் 2008, 2009-ல் வெளிவந்தன. தொடரைப் பார்த்து முடித்தவர்கள் இரண்டாம் நாவலை எடுத்துப் படிக்கலாம். பால்சா கன்பல் போய்ச் சேரும் கதை அது.