'நல்லா இருக்கு' என்பது விமர்சனம் இல்லை

போன வருடம் கூட வேலை பார்க்கும் ஒருவர் தன் வீட்டில் தியே குவான் யின் ஊற்றிக் கொடுத்தார். சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் ஆன்ஷி என்ற ஊர்ப்பக்கத்து ஊலாங். ஒரு வாய் குடித்ததும் கேட்டார், என்ன தெரிகிறது? 'நல்லா இருக்கு' என்றேன். அவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

கவிதைத் தொகுப்புகளுக்குப் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகிறவன் நான். ஒரு சின்னக் கிண்ணத்துக்கு முன்னால் மூன்று சொல் கிடைக்கவில்லை. அந்த வெட்கத்தில் எழுதுவதுதான் இது.

தமிழில் தேநீருக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஆனால் நம் எழுத்தில் அது வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று டீக்கடை. அங்கே அரசியல் இருக்கும், வம்பு இருக்கும், டீ சும்மா கையில் இருக்கும். இன்னொன்று தோட்டம். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு' வாசித்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அதில் நினைவு நிற்பது குளிர், அட்டை, காய்ச்சல், கடன். அதில் போய் தேநீரின் வாசனையைத் தேடுவது அபத்தம் என்றே நினைத்தேன். நல்ல இலை கப்பல் ஏறியது, நமக்கு டஸ்ட் மிஞ்சியது. ரசனை எங்கிருந்து வரும்?

இந்த வாதம் எனக்கு வசதியாக இருந்தது. அதனாலேயே அதன்மேல் சந்தேகமும் வந்தது.

முதலில் சொல்லையே பார்ப்போம். தேக்காவில் 'தே ஹாலியா' என்று கேட்கிறோமே, அந்தத் 'தே'யும் 'தேயிலை'யில் இருக்கும் 'தே'யும் ஃபூஜியான் கடற்கரையில் பிறந்தவை. சிங்கப்பூரில் ஹொக்கியன் என்று சொல்கிறோமே, அந்த மொழி. ஆன்ஷிக்காரர்கள் பேசுவதும் அதுதான். ஆக, சொல் நம் வாயில் ரொம்ப நாளாகவே இருக்கிறது.

லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினால் சைனாடவுன் மூன்றாவது நிறுத்தம். அங்கே மாஸ்க் ஸ்திரீட்டில் பெக் சின் சூன் என்ற தேயிலைக் கடை இருக்கிறது. 1925இல் தொடங்கியது. பாக் குட் தே கடைகளுக்கு இலை கொடுப்பவர்கள். அந்தத் தெருவுக்குப் பெயர் வந்தது சூலியா முஸ்லிம்கள், அதாவது நம் தமிழ் முஸ்லிம்கள், கட்டிய ஜாமியா பள்ளிவாசலால். அங்கே ஒரு பொட்டலம் வாங்கி வந்து நானே போட்டுப் பார்த்தேன். நூறு மில்லி பிடிக்கிற மூடிக் கிண்ணம், ஆறு கிராம் இலை, நன்றாகக் கொதித்த தண்ணீர். முதல் ஊற்று இருபது வினாடிதான். அடுத்தடுத்து கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகலாம். அதே இலை ஆறு ஏழு தடவை தாங்கும்.

விற்பவர்கள் தரும் குறிப்புகளில் 'ஆர்க்கிட், பீச்' என்று போட்டிருக்கும். எனக்கு இதில் ஒரு சண்டை இருக்கிறது. இந்த நாட்டின் தேசிய மலரே ஆர்க்கிட்தான், வழியெல்லாம் பார்க்கிறேன், அது மணந்து நான் அறிந்ததில்லை. இன்னொருவர் மூக்கின் நினைவை நான் ஒப்பிப்பது ரசனை ஆகாது. நம் மதிப்புரைகளில் 'படிமச் செறிவு', 'மொழியின் அடர்த்தி' என்று எழுதுகிறோமே, அதே வியாதி.

மூடியை முகர்ந்தபோது எனக்கு வந்தது பஃபலோ ரோட்டில் பூ கட்டும் இடம். மல்லிகை. பிறகு வாசித்துப் பார்த்தால் காரணம் இருக்கிறது. ஊலாங் செய்யும்போது, வாடிய இலையை மூங்கில் தட்டில் திரும்பத் திரும்பக் குலுக்குவார்கள். விளிம்புகள் அடிபடும். காயம்பட்ட இலை தற்காப்புக்குச் சில வேதிப்பொருட்களைச் சுரக்கும். அதில் ஒன்று இண்டோல். மல்லிகையிலும் அது உண்டு. கொஞ்சமாக இருந்தால் பூ, அதிகமானால் மலவாடை. ஒரே பொருள். 'நாற்றம்' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். பழந்தமிழில் நறுமணம், இன்று துர்நாற்றம்.

சுவைக்கும் அப்படித்தான். முதலில் லேசான துவர்ப்பு, விழுங்கிய பிறகு தொண்டையிலிருந்து ஒரு இனிப்பு திரும்பி வரும். சீனர்கள் இதை 'ஹுய் கான்', திரும்பும் இனிப்பு, என்கிறார்கள். நெல்லிக்காய் கடித்துத் தண்ணீர் குடித்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. அதற்கும் பிறகு நிற்பதை அவர்கள் 'யுன்' என்கிறார்கள். கவிதையின் இயைபுக்கும் அதே சொல். ஆக, சொல் இல்லாத மொழி என்று தமிழைக் குறை சொல்ல வழியில்லை. சோம்பல் என்னுடையது.

இவ்வளவு எழுதிவிட்டுத் திருப்தியாக இருந்தேன். அப்போதுதான் அம்மாச்சி வால்பாறையிலிருந்து மூன்று வாரம் இங்கே வந்திருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். வீட்டில் அவர் குடிப்பது பாலும் சர்க்கரையும் போட்ட டஸ்ட் டீ. நான் ஊலாங் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "பால் ஊத்தலையா?" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் மேட்டிமை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு அவர் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, வெந்து விரிந்த இலையை விரலால் புரட்டினார். "முத்தின இலையால்ல பறிச்சிருக்கான்" என்றார். சரிதான். நம்ம பக்கம் ரெண்டு இலை ஒரு கொழுந்து, ஊலாங்குக்கு மூன்று நான்கு இலை விரிந்த பிறகுதான் பறிப்பார்கள். அடுத்து முகர்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஃபேக்டரில இலைய வாடப் போட்டிருப்பாங்கல்ல, ராத்திரி அந்தப் பக்கம் நடந்தா இந்த வாசம் வரும். பூ மாதிரி. விடிஞ்சு அரைச்சாச்சுன்னா போயிரும்."

தோட்டத்தைப் பற்றி நான் வாசித்திருக்கிறேன், இரண்டு கட்டுரையும் எழுதியிருக்கிறேன். அம்மாச்சியிடம் கூலி கேட்டிருக்கிறேன், அட்டை பற்றிக் கேட்டிருக்கிறேன், கங்காணி பற்றிக் கேட்டிருக்கிறேன். வாசம் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. கஷ்டப்பட்டவர்களுக்கு மூக்கு இருக்காது என்று முடிவுகட்டியது நாவல் இல்லை, நான்.

இரண்டாவது ஊற்றுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். "இதுக்கும் பால் வேணாமா?" என்றார். வேணாம் என்றேன். "சரி, ஊத்து."